வெள்ளி முலாம் பூசிய பழைய கார்னெட்: மெருகு போடுவதா, அப்படியே விடுவதா?

தறிச்சத்தம்

வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டை. எங்கள் தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது அவரிடம் விட்டுப்போன கார்னெட் ஒன்று (டிரம்பெட் மாதிரி, கொஞ்சம் குட்டையான ஊது வாத்தியம்) பெரிய மாமா வீட்டில் பெட்டியோடு கிடந்தது. இப்போது என்னிடம் வந்திருக்கிறது. என் பையன் பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறான். இதைப் பார்த்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு.

அதன் நிலைமை இதுதான். உடம்பு முழுக்கக் கருத்திருக்கிறது, சில இடங்களில் பழுப்பும் நீலமும். இடது கை பிடிக்கும் இடத்தில் வெள்ளி சுத்தமாகப் போய் மஞ்சள் பித்தளை தெரிகிறது. பெல்லின், அதாவது முன்னால் விரிந்த வாயின், விளிம்பு ஓரிடத்தில் மடங்கியிருக்கிறது. வாய் வைக்கும் குழாயில் இளஞ்சிவப்பாகப் புள்ளிகள். விரலால் அமுக்கும் மூன்று பிஸ்டன்களில் நடு பிஸ்டன் அசையவே இல்லை. மற்ற இரண்டும் இறங்குகின்றன, மேலே வர நேரமாகிறது. சுருதி சேர்க்க இழுக்கும் பெரிய ஸ்லைடு இறுகிவிட்டது. தண்ணீர் விடும் சாவியின் ஸ்பிரிங் உடைந்து, யாரோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

பெல்லில் 'பூஸி அண்டு கோ, 295 ரீஜெண்ட் ஸ்ட்ரீட், லண்டன்' என்று அழகாகச் செதுக்கியிருக்கிறது. கீழே 'பேடண்ட்' (காப்புரிமை) என்று ஆரம்பிக்கும் ஒரு வரி, மீதி தேய்ந்துவிட்டது. பிஸ்டன் இறங்கும் வால்வு உறையின் மேல் ஓர் எண். பெட்டிக்குள் மவுத்பீஸும் இரண்டு குட்டிக் குழாய்களும் இருக்கின்றன. நீளமான குழாயில் ஆங்கில 'ஏ' எழுத்து குத்தியிருக்கிறது.

அம்மா புளி போட்டுத் தேய்க்கலாம் என்கிறார். மாமா செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொடுத்து மறுபடி முலாம் போடச் சொல்கிறார். நான் இரண்டுக்கும் அவசரப்படவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொலுசுப் பட்டறை

அக்கா, புளி மட்டும் வேண்டவே வேண்டாம். மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. சேலத்தில் இருந்துகொண்டு வெள்ளி வேலைக்கு யோசிக்கலாமா? ஆசிட்டில் ஒரு முக்கு, பஃப் என்கிற மெருகுச் சக்கரம் போட்டுத் தேய்ப்பு, முலாம் தொட்டி, கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ். சாயங்காலம் கையில் வாங்கிக்கொண்டு போகலாம். புதுசு மாதிரி மின்னும்.

பழைய பேண்டுக்காரர்

அதுதான் வேண்டாம் என்கிறேன்.

தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. கொலுசு உள்ளேயும் வெளியேயும் வெள்ளி. இது பித்தளை, அதன் மேல் பாலாடை மாதிரி ஒரு வெள்ளிப் பூச்சு, அவ்வளவுதான். மறுமுலாம் என்றால் பழைய பூச்சை எடுக்க வேண்டும், பித்தளையைப் பஃபில் வழவழப்பாக்க வேண்டும். அங்கேதான் பாதி வாத்தியம் போய்விடும். செதுக்கிய எழுத்தின் ஓரங்கள் மழுங்கும். ஏற்கெனவே மெலிந்த குழாய் இன்னும் மெலியும். பொருத்துகளின் கூர்மை போகும். ஆசிட் உள்ளே புகுந்தால் வால்வு உறைக்குள் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

இடது கைப் பக்கம் வெள்ளி போயிருப்பது குறையே இல்லை. வியர்வை படும் இடம் அது. பல வருடம் யாரோ ஒழுங்காக வாசித்திருக்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த இடம் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால்தான் நான் சந்தேகப்படுவேன்.

தங்கச்சி, இப்போதைக்கு மூன்று விஷயம். ஸ்லைடைக் குறடு போட்டு இழுக்காதீர்கள். உள்ளே கழுவாமல் பையனை வாய் வைக்க விடாதீர்கள். வால்வுகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். அந்த 'பேடண்ட்' வரி என் மண்டையைக் குடைகிறது.

ரப்பர் பேண்டை இன்றைக்கே கழற்றுங்கள். கழற்றினால் அடியில் கரிய வளையம் இருக்கும், பாருங்கள்.

சும்மா பார்க்கிறேன்

வெள்ளி விற்கிற விலைக்கு எடை போட்டுக் கொடுத்தால் நான் எடுத்துக்கொள்கிறேன் :)

வேதியியல் வாத்தியார்

எடை போட்டு வாங்குகிறவருக்கு ஒரு கணக்கு. ஒரு சதுர அடிப் பரப்பில் 10 மைக்ரான் கனத்துக்கு வெள்ளி பூசினால் அது ஏறக்குறைய 10 கிராம். கார்னெட்டின் வெளிப்பரப்பு அதைவிட ரொம்பப் பெரிதல்ல. இதிலும் கொஞ்சம் தேய்ந்துபோயிருக்கிறது. குழந்தைக் கொலுசு ஒரு ஜோடிகூடத் தேறாது ஐயா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கருப்பாக இருப்பது அழுக்கு அல்ல, வெள்ளி சல்ஃபைடு. காற்றில் துளித்துளியாக இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போதும். ரப்பரைக் கெட்டிப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அதனால்தான் ரப்பர் பேண்டு பட்ட இடம் கருக்கிறது. கம்பளி, முட்டை, சில பழைய வெல்வெட் துணிகள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, அந்தக் கருப்புக்குள்ளேயும் வெள்ளி இருக்கிறது. தேய்த்து எடுத்தால் கருப்போடு வெள்ளியும் சேர்ந்து போகும். ஒவ்வொரு தீபாவளிக்கும் பளபளப்பாக்கினால் பேரன் காலத்தில் வெறும் பித்தளைதான் மிஞ்சும்.

அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் என்று ஒரு வித்தை வீடியோக்களில் சுற்றுகிறது. வேதியியல் சரிதான். அலுமினியம் கந்தகத்தை இழுத்துக்கொள்ள, வெள்ளி அங்கேயே தங்கிவிடும். சாதாரண வெள்ளிக் கிண்ணத்துக்குச் செய்யலாம். இங்கே செதுக்கல்களுக்குள் இருக்கும் கருமையும் போய்விடும், எழுத்தைக் கண்ணால் படிக்க முடிவதே அந்தக் கருமையால்தான். ஃபெல்ட் துணி, தக்கை, இணைப்புகளுக்குள் புகுந்த சோடாத் தண்ணீரை வெளியே எடுப்பதும் கஷ்டம்.

எனக்குக் கவலை தருவது அந்த இளஞ்சிவப்புப் புள்ளிகள். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும். எச்சிலின் ஈரம் வருடக்கணக்காக உள்ளே தேங்கினால் துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும், நுண்ணிய ஓட்டைகளோடு தாமிரம் மட்டும் நிற்கும். அதன் நிறம்தான் அந்தச் சிவப்பு. உள்ளிருந்து தொடங்கி வெளியே எட்டிப்பார்க்கும் நோய் இது. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் இதற்கு நல்ல தீனி. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

புள்ளியின் நடுவே கரும்பொட்டு மாதிரி இருக்கிறதா? நகத்தால் அழுத்தினால் குழி விழுகிறதா?

கொலுசுப் பட்டறை

வாத்தியாரே, நாங்களும் பித்தளைக்கு முலாம் போட்டவர்கள்தான். அலங்காரப் பொருள், குத்துவிளக்கு எல்லாம் வருகிறது. சொன்ன மாதிரி பஃப் போடாமல், தேய்ந்த இடத்துக்கு மட்டும் பிரஷ்ஷில் முலாம் தொட்டு வைக்கலாமே?

பழைய பேண்டுக்காரர்

வைக்கலாம் தம்பி, ஆனால் எதற்கு? பையன் கை வைத்தால் மறுபடி போகும். வாசிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாங்க வருகிறவன் அந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பான், ஒட்டுப்போட்டது தெரிந்தால் மீதியையும் நம்ப மாட்டான்.

தறிச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி. ரப்பர் பேண்டு எடுத்தாயிற்று. பேண்டு மாஸ்டர் சொன்னபடியே கரிய வளையம்.

புள்ளிகள் நான்கைந்து இருக்கின்றன. ஒன்றில் மட்டும் நடுவில் கருமை. அழுத்தினால் குழி விழவில்லை.

பின்பக்கப் படம் இணைத்திருக்கிறேன். பையனின் டிரம்பெட்டில் இல்லாத சின்னச் சின்ன வளைவுக் குழாய்கள் முதல் இரண்டு வால்வுகளின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவதிலிருந்து குழாய் திரும்பி இவற்றுக்கே வருகிறது. யாரோ பின்னால் சேர்த்ததா?

பழைய பேண்டுக்காரர்

இல்லை தங்கச்சி, பிறவியிலேயே அப்படித்தான். நான் நினைத்தது சரி. இது காம்பன்சேட்டிங் கார்னெட், சுருதிக் குறையைத் தானே ஈடுகட்டுவது. பூஸி கம்பெனியில் இருந்த டேவிட் பிளெய்க்லி என்பவர் 1874இல் பேடண்ட் வாங்கிய ஏற்பாடு. யூபோனியம் என்கிற பெரிய பித்தளை வாத்தியத்தில், நல்ல ரகங்களில், இன்றைக்கும் இந்த முறை இருக்கிறது. கார்னெட்டில் பார்ப்பதுதான் அபூர்வம்.

இது எதற்கு என்று பையனுக்குச் சொல்லுங்கள். முதல் வால்வு இரண்டு அரைச்சுரம் இறக்கும், அதற்குக் குழாய் நீளம் ஏறக்குறைய 12 சதவீதம் கூட வேண்டும். மூன்றாவது மூன்று அரைச்சுரம், 19 சதவீதம். இரண்டையும் சேர்த்து அமுக்கினால் 31 சதவீதம்தான் கிடைக்கும். ஐந்து அரைச்சுரம் இறங்க 33 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அதனால் சுரம் கொஞ்சம் ஏறியே நிற்கும். மூன்றையும் அமுக்கினால் கோளாறு கால் சுரத்தைத் தொடும். இப்போதைய டிரம்பெட்டில் மூன்றாவது ஸ்லைடை விரலால் தள்ளி ஒப்பேற்றுகிறோம். பிளெய்க்லி என்ன செய்தார் என்றால், மூன்றாவது வால்வின் காற்றை மறுபடி முதல் இரண்டு வால்வுகள் வழியாகவே திருப்பிவிட்டார். மூன்றாவதோடு மற்ற வால்வும் சேரும்போது மட்டும், பின்னால் இருக்கும் அந்தச் சின்ன வளைவுக் குழாய்களின் நீளம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிஸ்டனில் துளைகள் அதிகம், காற்று போகும் பாதையும் அதிகம். சாதாரண கார்னெட்டில் பிஸ்டன் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் சமாளித்துவிடலாம். இதில் தேய்மானம் இருந்தால் அந்தக் காற்று ஒவ்வொரு துளையிலும் கசியும். ஆகவே வெள்ளியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு வால்வைப் பார்ப்போம்.

எப்படிக் கழற்றுவது: மேல் மூடி, கீழ் மூடி இரண்டையும் கையால் மட்டும் திருகுங்கள். வராவிட்டால் விளிம்பில் மெல்லிய எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். நடு பிஸ்டனுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். பிறகு கீழிருந்து துணி சுற்றிய மரக்குச்சியை வைத்து மெதுவாகத் தட்டினால் மேலே எழும்பும். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று குத்தியிருக்கும், மாற்றிப்போடக் கூடாது. உப்புத்தாள், இரும்புப் பஞ்சு, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் பிஸ்டன் பக்கமே வரக் கூடாது. பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவில் இருப்பதே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான்.

ஸ்லைடுக்கும் எண்ணெய்தான் மருந்து. அகலமான துணிப்பட்டையை வளைவுக்குள் கொடுத்து, ஒருவர் வாத்தியத்தை மடியில் பிடித்துக்கொள்ள, ஒரே நேர்கோட்டில் வெடுக்கென்று இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் ஈயப் பற்று விட்டுவிடும்.

கொண்டைஊசி

நான் மலைமேல் இருக்கிறேன். எங்கள் பக்கத்து பேண்டுக்காரர்களின் வாத்தியங்களைப் பார்த்திருப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த பிஸ்டன் தேங்காய் எண்ணெயால் இறுகியிருக்கும்.

அந்தக் காலத்தில் வால்வு எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோதான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைத்துத்தான் தலைக்கே எடுக்கிறோம். வால்வுக்குள் உறைந்து, இளகி, உறைந்து, கடைசியில் பிசின் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அந்தப் பழைய பெட்டிக்குள் திரும்ப வைக்காதீர்கள். மழைக்காலம் முழுக்க மூடுபனிக்குள் இருந்த பெட்டி அது. வாடை வருகிறது என்றால் துணிக்குள் ஈரமும் பூஞ்சையும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பெட்டியைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், வாத்தியத்தை வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சேலத்துக் காய்ச்சலான வெயில் இந்த ஒன்றுக்காவது உதவட்டும்.

துரை கொடுத்த கதை உண்மையாகத்தான் இருக்கும். கலெக்டர் காக்பர்ன் 1820 வாக்கில் இங்கே காப்பி கொண்டுவந்ததிலிருந்து எஸ்டேட் பங்களாக்களில் இல்லாத பொருள் கிடையாது. பியானோ ஏற்றி வந்த மலை இது.

வேதியியல் வாத்தியார்

மண்ணெண்ணெய் சரி, அடுப்பங்கரைக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். அதன் பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, குழாய்க்குள் போகும் நீண்ட நெகிழ் பிரஷ். ஃபெல்ட், தக்கை எல்லாவற்றையும் முன்னாலேயே கழற்றிவிடுங்கள். உள்ளிருந்து பச்சையாக வருவது தாமிரக் களிம்பு. அது வாய்க்கும் நல்லதல்ல, நுரையீரலுக்கும் நல்லதல்ல. தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள்.

வெளிப்பக்கத்துக்கு அதே சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். கொலுசுத் தம்பி சொன்ன பூந்திக்கொட்டையும் கெடுதல் இல்லை, நீர்க்கக் கரைத்து வெளியே மட்டும். சல்ஃபைடு போகாது, போக வேண்டியதும் இல்லை. மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கு போனாலே நிறம் வேறாகத் தெரியும்.

தேதி பற்றி: பூஸி கம்பெனி 295 ரீஜெண்ட் ஸ்ட்ரீட்டுக்குப் போனது 1874இல். 1930இல் ஹாக்ஸ் கம்பெனியோடு இணைந்து பூஸி அண்டு ஹாக்ஸ் ஆனது. பெயரில் ஹாக்ஸ் இல்லாததால் இந்த இரண்டு வருடங்களுக்கு நடுவில். அவர்களின் பழைய உற்பத்திப் பேரேடுகள் இப்போது லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வால்வு உறையின் எண்ணை எழுதிக் கேட்டால் வருடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. எண் அழியாமல் இருப்பதற்காகவே பஃப் மிஷின் பக்கம் போகக் கூடாது.

சும்மா பார்க்கிறேன்

நிக்கல் முலாமாக இருந்தால்? எல்லோரும் வெள்ளி வெள்ளி என்கிறீர்களே.

கொலுசுப் பட்டறை

நிக்கல் கருக்காது அண்ணா. மங்கும், லேசாகச் சாம்பல் பூக்கும், அவ்வளவுதான். படத்தில் இருக்கும் கருப்பும் நீலமும் வெள்ளிக்கு மட்டும் வரும். இதை உரைகல்லில் உரசிப் பார்க்கத் தேவையில்லை, உரசினால் இருக்கிறதும் போகும்.

சரி மாஸ்டர், முலாம் பேச்சை விட்டுவிட்டேன். தண்ணீர்ச் சாவிக்கு ஸ்பிரிங் நான் செய்து தருகிறேன். பெல் விளிம்பையும் நீவிவிடலாம். விட்டுப்போன பற்று ஏதும் இருந்தால் வெள்ளிப் பற்றுப் பொடி வைத்து, நெருப்பு ஊதி ஒட்டிக் கொடுக்கிறேன்.

பழைய பேண்டுக்காரர்

ஸ்பிரிங், ஆகா, செய்யுங்கள். பெல் விளிம்பு மரக்கட்டை மேல் வைத்து நிதானமாக நீவ வேண்டியது. சுத்தியல் போட்டால் உலோகம் நீண்டு அலை அலையாக நிற்கும். பெல்லில் இருக்கும் மடிப்பு ஒலியை அவ்வளவாகப் பாதிக்காது, ஆகவே அவசரமில்லை. மவுத்பீஸுக்கு அடுத்த குழாயில் நெளிவு இருந்தால்தான் வாசிப்பு கெடும்.

பொடி வைத்து ஊதுவது மட்டும் கூடாது தம்பி. உங்கள் வெள்ளிப் பொடி உருக 600, 700 டிகிரி வேண்டும். இதில் இருப்பதெல்லாம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று, 200 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும். ஓரிடத்தில் ஊதினால் பக்கத்தில் இருக்கும் தாங்குகம்பிகள் எல்லாம் கழன்று கையில் வரும். அந்தச் சூட்டில் பித்தளையும் இளகி மெத்தென்று ஆகிவிடும்.

தறிச்சத்தம்

நல்ல செய்தி. நடு பிஸ்டன் வந்துவிட்டது! கொண்டைஊசி அண்ணா சொன்ன மாதிரியே பழுப்புப் பிசின். மண்ணெண்ணெய்க்கு உடனே இளகியது. பிஸ்டன்களில் கீறல் பெரிதாக இல்லை. பெரிய ஸ்லைடும் அசைந்தது, ஆனால் கொஞ்ச தூரம்தான் வருகிறது, கால் நீளமே குட்டை. உள்ளே கழுவினால் வந்த தண்ணீரைப் பார்த்து அம்மா புளி பேச்சையே விட்டுவிட்டார்.

பையன் ஊதினான். நாதம் வருகிறது. டிரம்பெட்டைவிட மெத்தென்று, சண்டைக்கு வராத ஒலி. ஆனால் கீபோர்டோடு சேரவே இல்லை. பி ஃபிளாட் என்று நினைத்து வாசித்தால் ஏறியே நிற்கிறது. ஸ்லைடை முழுக்க இழுத்தும் பத்தவில்லை. ஏதாவது குழாய் குறைகிறதா?

சுருதிப்பெட்டி

எவ்வளவு ஏற்றம்? நம் கணக்கில் பி ஃபிளாட் ஆறரைக் கட்டை. ஏழுக்கே போய்விடுகிறதா? அப்படியானால் அரைச்சுரம் தப்பு, வேறு சுருதி வாத்தியம் என்று எடுத்துக்கொள்ளலாம். தம்பியிடம் இருக்கும் போன் டியூனரில் பார்த்துச் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்

பார்த்தோம். ஸ்லைடு உள்ளே இருக்கும்போது ஆறரைக்கும் ஏழுக்கும் சரியாக நடுவில் நிற்கிறது. இரண்டிலும் சேரவில்லை.

பழைய பேண்டுக்காரர்

அப்படியென்றால் வாத்தியத்தில் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. அது அந்தக் காலத்து ஹை பிட்ச், அதாவது உயர்ந்த சுருதி. இன்று ஏ சுரம் என்றால் நொடிக்கு 440 அதிர்வு. அன்றைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளிலும் பித்தளை பேண்டுகளிலும் 452.5. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய கால் சுரம். இங்கிலாந்தின் பித்தளை பேண்டுகள் 1960கள் வரை இதை விடவில்லை. எல்லோரும் ஒரே சுருதியில் இருந்தால் யாருக்கும் தெரியாது, கீபோர்டு பக்கத்தில் வந்தால்தான் வம்பு.

இதற்காகவே பழைய கார்னெட்டுகள் பல வீணாகப் போயிருக்கின்றன. மெயின் குழாயை அறுத்து நடுவில் துண்டு ஒட்டுவார்கள். பார்த்தால் வயிறு எரியும்.

440க்கு இறக்க மொத்தக் குழாயில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கூட வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் இருப்பதால் 2 சென்டிமீட்டர் இழுத்தால் போதும், ஆனால் உங்களுடையது அவ்வளவு வராது என்கிறீர்கள். அதோடு, மெயினை மட்டும் நீட்டினால் வால்வு போட்ட சுரங்கள் ஏறும். முதல் ஸ்லைடை இரண்டரை மில்லிமீட்டர், மூன்றாவதை நான்குக்குக் கொஞ்சம் குறைவாக, இரண்டாவதை ஒன்றுக்குக் கொஞ்சம் மேல் இழுத்து வைக்க வேண்டும்.

சுருதிப்பெட்டி

பெட்டியில் இரண்டு குட்டிக் குழாய் இருக்கிறது என்றாரே அக்கா, நீளமானதைப் போட்டால்?

பழைய பேண்டுக்காரர்

நல்ல கேள்வி. மவுத்பீஸுக்கும் வாத்தியத்துக்கும் நடுவில் செருகும் ஷேங்க் அவை. குட்டை பி ஃபிளாட்டுக்கு, நீளம் ஏ-வுக்கு. நீளமானதைப் போட்டால் முழு அரைச்சுரம் இறங்கும். அப்போது ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் நிற்கும், மறுபடி இரண்டிலும் சேராது.

நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. குட்டையைவிட 4 சென்டிமீட்டர் நீளமாக மூன்றாவதாக ஒரு ஷேங்க். அதைச் செய்துவிட்டால் வாத்தியத்தில் ஒரு கீறல்கூடப் போட வேண்டாம். வேண்டும்போது செருகலாம், வேண்டாதபோது பழையபடி.

கொலுசுப் பட்டறை

மாஸ்டர், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. இது எங்கள் வேலை.

பித்தளைக் குழாய் எடுத்து, இரண்டு முனைக்கும் சாய்வு போட வேண்டும், அதற்கு நம் ஊர் குகைப் பகுதியில் ஒரு கடைசல் பட்டறை தெரியும். உள் விட்டம் எவ்வளவு? மேலே வெள்ளி முலாம் நான் போட்டுத் தருகிறேன், அதற்காவது அனுமதி உண்டா?

பழைய பேண்டுக்காரர்

அது புதுத் துண்டு, வைரமே பதித்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் குட்டை ஷேங்க்கின் வெளிமுனையில் இருப்பதே வர வேண்டும். உள்ளே படி விழக் கூடாது, விழுந்தால் சில சுரங்கள் வழுக்கும். சாய்வு இரண்டு பழைய ஷேங்க்குகளிலும் ஒன்றுதானா என்று அளந்துகொள்ளுங்கள். முதலில் 2 மில்லிமீட்டர் நீளமாகவே செய்யுங்கள், டியூனர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். குறைத்ததை நீட்ட முடியாது.

வேதியியல் வாத்தியார்

அந்தக் கருமை விழுந்த ஒரு புள்ளியைக் கவனித்து வாருங்கள். வாசித்து முடித்ததும் தண்ணீரை வடித்து, வாய்க்குழாயில் துணி விட்டு இழுத்து உலர்த்தினால் நோய் நகராது. ஓட்டை விழுந்தால் மேலே சின்ன ஒட்டு வைக்கலாம், குழாயை மாற்ற வேண்டியதில்லை.

கசிவும் பார்த்துவிடுங்கள். முதல் ஸ்லைடைப் பாதி இழுத்து, பத்து எண்ணிவிட்டு முதல் பிஸ்டனை அமுக்கினால் 'டப்' என்று சத்தம் வர வேண்டும்.

தறிச்சத்தம்

முதலில் நல்ல 'டப்'. இரண்டாவதில் சுமார். மூன்றாவதில் சத்தமே இல்லை.

பையனின் டிரம்பெட் மவுத்பீஸ் இதில் இறங்கவில்லை, பாதியில் நிற்கிறது. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பழைய பேண்டுக்காரர்

டிரம்பெட் மவுத்பீஸின் தண்டு தடிமன். அடித்து இறக்க விடாதீர்கள், சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. பெட்டியில் இருக்கும் மவுத்பீஸேதான் இதற்குச் சரி. அதன் கிண்ணம் ஆழமாகப் புனல் மாதிரி இருக்கும், பையன் கேட்ட அந்த மெத்தென்ற ஒலி பாதி அதிலிருந்துதான் வருகிறது.

மூன்றாவதில் சத்தம் இல்லாததற்கு பிஸ்டன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காம்பன்சேட்டிங் என்பதால் அதன் காற்று மற்ற இரண்டு வழியாகவும் போகிறது, எங்கே கசிந்தாலும் இங்கே தெரியும். கொஞ்சம் கெட்டியான வால்வு எண்ணெய், பழைய வாத்தியங்களுக்கென்றே விற்பது, வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்குச் சரியாகிவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். ஆகாவிட்டால் பிஸ்டனில் உலோகம் ஏற்றிக் கடைந்து பொருத்த வேண்டும். அது சேலத்தில் ஆகிற வேலை இல்லை, செலவும் பெரிது. பையன் நிஜமாகவே இதைப் பிடித்துக்கொண்டான் என்று தெரிந்த பிறகு பார்க்கலாம்.

கொலுசுப் பட்டறை

அக்கா, குட்டை ஷேங்க்கும் நீள ஷேங்க்கும் மவுத்பீஸும் மட்டும் கொண்டு வாருங்கள். தண்ணீர்ச் சாவியை நீங்களே கழற்ற முடிந்தால் அதையும். கார்னெட் வீட்டிலேயே இருக்கட்டும், பட்டறைக்குள் ஆசிட் ஆவி இருக்கும்.

தறிச்சத்தம்

சனிக்கிழமை தறிக்கு லீவு, அன்றைக்கு வருகிறேன் தம்பி. பையனும் வருவான், டியூனரோடு.